நமக்கு உதவுவோரைப் பிள்ளைகள் அறியட்டும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துக் காக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. அவனுடைய சாந்தியும் சமாதானமும் நம் நபி நாயகம் (ஸல்) அவர்கள்மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர்மீதும் உண்டாகுக!

மனிதன் தனித்து வாழ இயலாதவனாகவே படைக்கப்பட்டிருக்கின்றான். காலையில் நாம் ஒளு செய்யும் தண்ணீரை நம் வீட்டுக் குழாய் வரை கொண்டுவந்து சேர்த்தவர் யாரோ ஒருவர். நம் தட்டில் இருக்கும் சோற்றுக்கு நாற்று நட்ட கைகள் வேறு யாருடையவையோ. நாம் நடந்து செல்லும் தெருவை நாம் விழிக்கும் முன்பே கூட்டிவிட்டுப் போனவர் இன்னொருவர். திருமறையின் நாற்பத்து மூன்றாம் அத்தியாயத்தில், மக்களுடைய வாழ்க்கைத் தேவைகளை அவர்களிடையே தானே பங்கிட்டிருப்பதாகவும், ஒருவர் மற்றவரிடம் பணி பெற்றுக்கொள்ளவே அப்படி வைத்திருப்பதாகவும் கருத்துப்பட இறைவன் கூறுகின்றான். அவ்விடத்திலேயே, மனிதர்கள் திரட்டி வைப்பவற்றைவிட அவனுடைய அருளே மேலானது என்றும் சொல்லி முடிக்கின்றான். ஆகவே வேலை வாங்குபவன் உயர்ந்தவன், வேலை செய்பவன் தாழ்ந்தவன் என்று அந்த வசனத்திலிருந்து எவரும் பொருள் எடுத்துவிட முடியாது.

இந்த உண்மையை நம் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிக்கின்றோம் என்பதைப் பற்றித்தான் இம்மாதம் பேச விரும்புகின்றோம். அதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகின்றோம்.

அலங்காநல்லூரில் ஒரு காலைப் பொழுது

மதுரைக்கு வடக்கே உள்ள அலங்காநல்லூருக்கு ஒரு திருமண வீட்டு அழைப்பின் பேரில் அண்மையில் சென்றிருந்தோம். இரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் சுபுஹுத் தொழுகை முடிந்து திண்ணையில் அமர்ந்திருக்கும்போது, அவ்வீட்டுச் சிறுவன், இரண்டாம் வகுப்புப் படிக்கிறவன், பள்ளிக்கூடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். நமக்கு உதவுவோரைப் பற்றிய பாடம் அது. மருத்துவர், ஆசிரியர், தபால்காரர், காவலர், தூய்மைப் பணியாளர் என்று ஒவ்வொருவரும் நமக்கு என்ன உதவி செய்கிறார்கள் என்பதைத் தடுமாற்றம் இல்லாமல் ஒப்பித்தான். கேட்க மகிழ்ச்சியாக இருந்தது.

அப்போது தெருவில் விசில் சத்தம் கேட்டது. சிறுவன் எழுந்து ஓடிப்போய்க் குப்பை வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குச் சென்றான். “ஏய், இந்தா குப்பை! எடுத்துட்டுப் போ!” என்று சத்தம் போட்டான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் நரைத்த தலையுடைய ஓர் அம்மாள். அச்சிறுவனின் பாட்டி வயதிருக்கும். வாளியிலிருந்ததை வண்டியில் கொட்டிவிட்டு, அடியில் ஒட்டியிருந்ததைக் கையால் வழித்தவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். கல்யாண வீடல்லவா? உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகள் வாளியில் கிடந்திருக்கின்றன. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். சிறுவன் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தான்.

“தம்பி, இப்போது வந்தவர் யார்?” என்று கேட்டோம்.

“குப்பைக்காரி.”

“உன் புத்தகத்தில் தூய்மைப் பணியாளர் என்று படித்தாயே, அவர்தானே இவர்?”

சிறுவன் புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்தான். அதில் சுத்தமான சீருடையும் கையுறையும் அணிந்த ஒருவர் சிரித்துக்கொண்டு நின்றார். “இல்லை, இது வேற” என்றான்.

அருகிலிருந்த அவன் தகப்பனார், “சின்னப் பிள்ளைதானே ஹஜ்ரத், போகப் போகத் தெரிந்துகொள்வான்” என்றார். அந்த அம்மாளின் பெயர் என்ன என்று அவரிடம் கேட்டோம். நான்கு வருடங்களாக வருகிறார், பெயர் தெரியாது என்றார்.

அவருக்கு அறிவுரை சொல்ல வாயெடுத்தோம். ஆனால் சொல் வரவில்லை. நம் வீட்டு வாசலுக்கு அன்றாடம் வந்து போகிறவருடைய பெயரும் நமக்குத் தெரியாது என்பது அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது. எனவே இக்கட்டுரையைப் படிக்கும் பெற்றோர்கள், நாம் அவர்களைக் குற்றம் சாட்டுகிறோம் என்று எண்ண வேண்டாம். குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

பாடம் எங்கே கற்கப்படுகின்றது?

அச்சிறுவன் கெட்ட பிள்ளை அல்லன். நம் கையைப் பிடித்து ஸலாம் சொன்னவன். உணவு பரிமாறும்போது தண்ணீர் கொண்டுவந்து வைத்தவன். அவனுக்கு இரண்டு பாடங்கள் நடக்கின்றன. ஒன்று புத்தகத்தில் நடக்கின்றது. மற்றொன்று வீட்டு வாசலில் நடக்கின்றது. தன் தகப்பனாரும் தாயாரும் அண்டை வீட்டாரும் அந்த அம்மாளை எப்படி அழைக்கிறார்களோ, அப்படி அவனும் அழைக்கின்றான். ‘ஏய்’ என்ற சொல்லை அவன் எந்தப் பாடப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

2020-ஆம் ஆண்டில் தமிழக அரசு ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற பெயரை மாற்றி ‘தூய்மைப் பணியாளர்’ என்று அழைக்க வேண்டுமென அறிவித்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் அரசு ஆணை ஏட்டில் உள்ள பெயரைத்தான் மாற்றும். நம் நாவில் உள்ள பெயரை நாமே மாற்ற வேண்டும். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகாசம் செய்யக் கூடாது, இழிவான பட்டப்பெயர்களால் ஒருவரையொருவர் அழைக்கக் கூடாது என்று திருமறையின் நாற்பத்தொன்பதாம் அத்தியாயம் விலக்குகின்றது. பரிகசிக்கப்படுபவர் பரிகசிப்பவரைவிட மேலானவராக இருக்கக்கூடும் என்று அதற்குக் காரணமும் கூறுகின்றது. அடுத்தாற்போலவே, மனிதர் யாவரும் ஓர் ஆணிலிருந்தும் பெண்ணிலிருந்தும் படைக்கப்பட்டவர்கள் என்பதையும், இறையச்சம் மிக்கவரே இறைவனிடம் கண்ணியம் மிக்கவர் என்பதையும் நினைவூட்டுகின்றது. இவ்வசனங்களை மக்தபில் நம் பிள்ளைகள் இனிய குரலில் ஓதுகிறார்கள். ஓதி முடித்து வீடு திரும்பும் வழியில், தொழிலையும் சாதியையும் சேர்த்து ஒருவரை அழைப்பதைப் பெரியவர்களின் வாயிலிருந்து கேட்கிறார்கள். எது மனத்தில் நிற்கும்?

அபூதர் (ரலி) அவர்கள் நபித்தோழர்களில் எத்துணை உயர்ந்தவர்கள் என்பதை நாம் அறிவோம். அப்படிப்பட்டவர்களே ஒரு சமயம் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துவிட்டபோது, அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் அவர்களிடம் இருப்பதாக நபி நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். நம்மிடம் பணி புரிபவர்கள் நம் சகோதரர்கள்; நாம் உண்பதிலிருந்து அவர்களுக்கு உண்ணக் கொடுக்க வேண்டும்; நாம் உடுப்பதிலிருந்து உடுக்கக் கொடுக்க வேண்டும்; அவர்களால் தாங்க இயலாத வேலையைச் சுமத்தக் கூடாது; சுமத்தினால் நாமும் கை கொடுக்க வேண்டும் என்றும் போதித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி வருகின்றது. ஒரு சொல்லுக்காக அத்துணை பெரியவர் கண்டிக்கப்பட்டார்கள் என்றால், ‘சின்னப் பிள்ளைதானே’ என்று நாம் எதை விட்டுவிட முடியும்?

பள்ளிவாசலைக் கூட்டிய பெண்மணி

பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு இதைவிடச் சிறந்த வரலாறு வேறில்லை. மதீனாவில் நபிகளாரின் பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த கறுப்பு நிறப் பெண்மணி ஒருவர் இருந்தார். சில அறிவிப்புக்களில் அவர் பெயர் உம்மு மிஹ்ஜன் என்று வருகின்றது. ஒரு நாள் அவரைக் காணாமல் நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டதாகத் தோழர்கள் கூறினார்கள். இரவு நேரத்தில் அவர் இறந்ததால், நபிகளாரின் உறக்கத்தைக் கலைக்க வேண்டாமென்று எண்ணித் தாங்களே அடக்கம் செய்துவிட்டிருந்தனர். அவருடைய காரியத்தைச் சிறியதாக அவர்கள் எண்ணிவிட்டதைப்போல இருந்தது என்று அறிவிப்பாளர் குறிப்பிடுகின்றார்.

நபி நாயகம் (ஸல்) அவர்கள், தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டார்கள். அவருடைய கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று நின்று அவருக்காகத் தொழுதார்கள்.

அன்பர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவர்களோ ஒரு சமுதாயத்தையே நடத்திச் செல்லும் தலைவர். வஹீ இறங்கும் நபி. அவர்களுடைய கண் அந்தப் பெண்மணி வராததைக் கவனித்தது. நம் தெருவைக் கூட்டுகிறவர் ஒரு வாரம் வராவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? குப்பை எடுக்கவில்லை என்று பேரூராட்சி அலுவலகத்தில் புகார் சொல்கிறோம். அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. நாம் தேடுவது வேலையை. நபிகளார் தேடியது ஆளை. இந்த வேறுபாட்டைத்தான் பிள்ளைகளுக்குப் புகட்ட வேண்டும்.

நம்மிடம் ஊழியம் செய்பவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டுமென்ற நிபந்தனையும் இதில் இல்லை. நபிகளாருக்குப் பணிவிடை செய்துவந்த யூதச் சிறுவன் ஒருவன் நோயுற்றபோது, அவனுடைய இல்லத்திற்குச் சென்று தலைமாட்டில் அமர்ந்து அவர்கள் நலம் விசாரித்தார்கள்.

‘மாடு மேய்க்கத்தான் போவாய்!’

மதிப்பெண் குறைந்த பிள்ளையைப் பார்த்து நம் வீடுகளில் சொல்லும் வசவு ஒன்று உண்டு: “நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு!” இன்னும் கடுமையாக, “குப்பை அள்ளத்தான் போவாய்!” என்பார்கள். பிள்ளையைத் திருத்துவதற்காகச் சொல்வதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த ஒரு வசவில் பிள்ளை என்ன கற்கின்றான்? மாடு மேய்ப்பவரும் குப்பை அள்ளுபவரும் தோற்றுப்போனவர்கள், தண்டனை அனுபவிப்பவர்கள் என்று கற்கின்றான். அப்படிக் கற்றவன் வாசலில் நிற்பவரை ‘ஏய்’ என்று அழைத்தால் வியப்பென்ன?

எல்லா நபிமார்களும் ஆடு மேய்த்திருக்கின்றார்கள். நம் நாயகம் (ஸல்) அவர்களும் மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்துக் கூலிக்கு மேய்த்ததாக அவர்களே சொல்லியிருக்கின்றார்கள். நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள். நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம், நபிகளார் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள் என்று விடை கூறினார்கள். அகழ்ப் போரின்போது, ஹிஜ்ரி 5-இல், மதீனாவைச் சுற்றி அகழி தோண்டிய நாட்களில், மண் சுமந்தவர்களில் நபி (ஸல்) அவர்களும் ஒருவர். அவர்களுடைய திருமேனியில் புழுதி படிந்திருந்ததைத் தோழர்கள் கண்ணால் கண்டு சொல்லியிருக்கின்றார்கள்.

பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும், மேலான நிலைக்கு வர வேண்டும் என்று விரும்புவதில் தவறில்லை. அதற்காகப் பிறர் உழைப்பை இழித்துக் காட்டத் தேவையில்லை. குப்பை அள்ளும் அம்மாளின் பிள்ளையும் நன்றாகப் படிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து விரும்புவதே முஃமினின் குணம். ஒரு தொழில் ஒரு குலத்தாருக்கே உரியது என்ற எண்ணம் நம் பிள்ளைகளின் மனத்தில் ஒருபோதும் முளைக்கக் கூடாது.

பொய் சொல்லி அச்சமூட்டாதீர்

இன்னொரு வழக்கமும் நம்மிடம் இருக்கின்றது. சோறு உண்ண மறுக்கும் குழந்தையிடம், “போலீஸ்காரர் வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவார்” என்கிறோம். அழும் குழந்தையிடம், “டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்கிறோம். தெருவில் சாக்குப் பையோடு போகிறவரைக் காட்டி, “பிள்ளை பிடிக்கிறவன்” என்கிறோம்.

முதலாவது, இவை பொய்கள். அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது அவருடைய தாயார், ஏதோ தருவதாகச் சொல்லி அவரை அழைத்தார். அங்கிருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க எண்ணினாய் என்று அத்தாயாரைக் கேட்டார்கள். பேரீச்சம் பழம் என்றார் அவர். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது ஒரு பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். பிள்ளையை அழைப்பதற்காகச் சொல்லும் பொய்யே கணக்கில் வருமானால், பிள்ளையை நடுங்க வைப்பதற்காகச் சொல்லும் பொய்யின் கணக்கு என்னவாகும்?

இரண்டாவது, அதனால் ஆபத்தும் உண்டு. பொங்கலை அடுத்து, சனவரி மாதம் நடுவில், அலங்காநல்லூரில் கூடும் கூட்டத்தை அறியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. அந்தக் கூட்டத்தில் தகப்பனின் கையை விட்டுப் பிரிந்த ஐந்து வயதுக் குழந்தை யாரிடம் போக வேண்டும்? அருகில் நிற்கும் காவலரிடம்தான். ஆனால் காவலர் என்றால் பிடித்துக்கொண்டு போகிறவர் என்று வீட்டில் கற்ற குழந்தை, அவரைக் கண்டதும் கூட்டத்திற்குள் இன்னும் ஆழமாக ஓடி ஒளியும். உதவிக்கு இருப்பவரையே பகைவராகக் காட்டிவிட்டு, பிறகு பிள்ளையைக் காணோம் என்று அழுது என்ன பயன்?

வாடிவாசலும் மறுநாள் காலையும்

அந்த விளையாட்டு சரியா தவறா என்ற பேச்சுக்கு நாம் இங்கே போகவில்லை. ஆனால் அன்றைய நாள் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய பாடசாலை என்பதைச் சொல்ல விரும்புகின்றோம். அன்று எல்லாருடைய கண்களும் காளையின் திமில்மீதும் அதைத் தழுவுகின்றவர்மீதும்தான் இருக்கும். பரிசு பெற்றவர் பெயர் மறுநாள் நாளிதழ்களில் வரும். 2024-ஆம் ஆண்டு சனவரியில் அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரைக் கிராமத்தில் இதற்கென்றே ஒரு பெரிய அரங்கமும் திறக்கப்பட்டது. (நம் வாசகர்கள் நன்கறிந்த இராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரை அன்று; இது மதுரை மாவட்டத்துச் சிற்றூர்.)

பிள்ளையைத் தோளில் தூக்கிக் காளையைக் காட்டும் தகப்பனார், மற்றவர்களையும் காட்டலாம். காளைக்கு நோய் உண்டா, காயம் உண்டா என்று சோதித்து அனுப்பும் கால்நடை மருத்துவர் இருக்கின்றார். களத்தில் இறங்குவோரின் உடல்நிலையைப் பரிசோதிக்கும் மருத்துவர்கள் இருக்கின்றார்கள். தீயணைப்பு வண்டியோடு காத்திருப்பவர்கள் இருக்கின்றார்கள். குத்துப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு 108 வண்டியின் ஓட்டுநரும் உதவியாளரும் ஆயத்தமாக நிற்கின்றார்கள். இந்த 108 சேவை நம் மாநிலத்தில் 2008-ஆம் ஆண்டு தொடங்கியது. ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித இனம் முழுவதையும் வாழ வைத்தவரைப் போன்றவர் என்ற திருமறைக் கருத்தைப் பிள்ளைக்கு விளக்க, அந்த வண்டியைச் சுட்டிக் காட்டுவதைவிட எளிய வழி உண்டா?

மறுநாள் காலையில் அதே தெருவுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். ஆயிரக்கணக்கானோர் விட்டுச் சென்ற தண்ணீர்ப் புட்டிகள், எச்சில் பொட்டலங்கள், சாணம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டிருப்பவர்களைக் காட்டுங்கள். அவர்களைப் பார்க்கக் கூட்டம் வராது. அவர்கள் பெயர் நாளிதழில் வராது. பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நபிகளார் கூறினார்களே, அந்தக் கிளையின் நிழலில் ஊர் முழுவதும் நிற்கின்றது என்று சொல்லுங்கள்.

வயல்களுக்குத் தண்ணீர் தரும் பெரியாற்றுக் கால்வாயைப் பற்றியும் இப்படியே சொல்லலாம். மேற்கே ஓடிய ஆற்றை 1895-இல் மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பிய பொறியாளர் பென்னிகுயிக்கின் பெயரை மதுரைச் சீமை மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அக்காட்டில் கல்லும் சுண்ணாம்பும் சுமந்து, காய்ச்சலில் மாண்டுபோன கூலித் தொழிலாளர்களின் பெயர்கள் நம் நாவில் இல்லை. அல்லாஹ்விடம் அப்பெயர்கள் இருக்கின்றன. தண்ணீர் குடிக்கும்போது அவர்களையும் நினைக்கப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

வீட்டில் பழக்க வேண்டியவை

ஏழு வயதில் பிள்ளையைத் தொழ ஏவும்படி நமக்குக் கட்டளை இருக்கின்றது. அந்த வயதிற்குள்ளாகவே கீழ்க்காணும் பழக்கங்களையும் உண்டாக்கலாம்.

முதலாவது, அழைக்கும் முறை. வாசலுக்கு வருபவர் வயதிற்குத் தக்கபடி ‘அண்ணே’, ‘அக்கா’, ‘பெரியம்மா’, ‘ஐயா’ என்று முறை வைத்து அழைக்கட்டும். பெயரைக் கேட்டு அறிந்துகொள்ளட்டும். பெரியவர்கள் அப்படி அழைத்தால் பிள்ளைகளும் அழைப்பார்கள். தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இரண்டாவது, நன்றி. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவரே என்பது நபிமொழியின் கருத்து. ஒரு செம்பு தண்ணீரைப் பிள்ளையின் கையால் கொடுக்கச் செய்யுங்கள். நாம் குடிக்கும் அதே செம்பில் கொடுங்கள். பின்புறத்தில் தனியாக ஒரு குவளையை வைத்திருக்கும் வீட்டில், சமத்துவத்தைப் பற்றி எத்தனை பயான் கேட்டாலும் பிள்ளை அந்தக் குவளையைத்தான் பார்ப்பான்.

மூன்றாவது, தொல்லை கொடாமை. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்து வைக்கும் வேலையைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். உடைந்த கண்ணாடி, பழைய பிளேடு, ஊசி ஆகியவற்றைத் தடித்த தாளில் சுற்றித் தனியே கொடுக்கச் சொல்லுங்கள். அன்று அந்த அம்மாளின் விரலைக் கிழித்தது வளையல் துண்டு அன்று, நம்முடைய அலட்சியம்.

நான்காவது, கையால் செய்து பார்த்தல். வாரத்தில் ஒரு நாள் மக்தப் பிள்ளைகள் உஸ்தாதுடன் சேர்ந்து பள்ளிவாசலைக் கூட்டட்டும், செருப்புகளை வரிசைப்படுத்தட்டும். தரை கூட்டிக் குனிந்த முதுகு வலித்தால்தான், அன்றாடம் குனிகிறவரின் வலி தெரியும். தண்டனையாக மட்டும் இவ்வேலையைக் கொடுத்துவிடாதீர்கள். தண்டனையாகக் கொடுத்தால் அது இழிவான வேலை என்றே பிள்ளை எண்ணும்.

ஐந்தாவது, உதவியை நாடும் முறை. விபத்தென்றால் 108, தீ என்றால் 101, எந்த அவசரத்திற்கும் 112, குழந்தைகளின் இடர்களுக்கு 1098 என்ற எண்களை மனனம் செய்விக்கலாம். விளையாட்டாக அவற்றை அழைப்பது, வேறெங்கோ உயிருக்குப் போராடுபவரின் நேரத்தைத் திருடுவது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். தன் முகவரியைப் பிழையின்றி எழுதவும் பிள்ளை பழகட்டும். 1972-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணில் அலங்காநல்லூருக்குரியது 625501. அந்த ஆறு இலக்கத்தைத் தெளிவாக எழுதுவதுகூடத் தபால்காரரின் அலைச்சலைக் குறைக்கும் ஓர் உதவிதான்.

நம் ஜமாஅத்தின் கடன்

பிள்ளைகளைப் பற்றிப் பேசிவிட்டுப் பெரியவர்களை விட்டுவிட்டால் நீதியாகாது. ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானி கொடுக்கின்றோம். தோலையும் குடலையும் இரத்தத்தையும் தெரு முனையில் விட்டுவிட்டு, இறைச்சியைப் பங்கிடச் செல்கின்றோம். அதை மூக்கைப் பிடித்துக்கொண்டு அள்ளுகின்றவர் யார்? அவர் நம்மைப் பற்றி, நம் மார்க்கத்தைப் பற்றி என்ன எண்ணிக்கொள்வார்? கழிவைக் குழி தோண்டிப் புதைப்பதும், உரிய பையில் கட்டி ஒப்படைப்பதும், இடத்தைக் கழுவிவிடுவதும் குர்பானி கொடுத்தவருடைய பொறுப்பு. வலீமா விருந்து முடிந்த தெருவும் இப்படித்தான் கிடக்கின்றது. பிள்ளைகள் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றார்கள்.

அடுத்து, நம் பள்ளிவாசலிலேயே இருக்கும் உதவியாளர்கள். சுபுஹுக்கு எழுந்து பாங்கு சொல்லும் மோதினார், ஹவுளைக் கழுவுகிறவர், கழிப்பறையைச் சுத்தம் செய்கிறவர், மையவாடியில் குழி வெட்டுகிறவர் ஆகியோருக்கு நாம் கொடுக்கும் மாத ஊதியம் எவ்வளவு? அதில் அவர்கள் குடும்பம் நடத்த முடியுமா? உழைப்பாளியின் வியர்வை உலரும் முன்பே கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழியை மேடையில் முழங்குகின்ற நாம், மாதம் பிறந்து பத்து நாள் கழித்து அவர்களை நிர்வாகியின் வீட்டு வாசலில் நிற்க வைக்கலாமா? உலமாக்களுக்கும் பள்ளிவாசல், தர்கா, அடக்கத்தலம் ஆகியவற்றில் பணி புரிவோருக்கும் 2009-ஆம் ஆண்டு தமிழக அரசு ஒரு நல வாரியம் அமைத்தது. உங்கள் முஹல்லாவின் மோதினார் அதில் பதிவு செய்துகொண்டிருக்கிறாரா என்று விசாரித்து, இல்லையென்றால் கூட இருந்து பதிவு செய்து கொடுங்கள்.

பள்ளிவாசலிலோ வீட்டிலோ கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால், எந்த மனிதரையும் அதற்குள் இறக்காதீர்கள். அப்படி ஆபத்தான முறையில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கின்றது. 2014-இல் உச்ச நீதிமன்றம், இறந்தவர் குடும்பத்திற்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2023-இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. சட்டம் வராவிட்டாலும், ஓர் உயிரைத் தொட்டிக்குள் அனுப்பிவிட்டு ஒளு செய்து தொழ நிற்பவனுடைய நிலை இறைவனிடம் என்னவாக இருக்கும் என்று அஞ்ச வேண்டியதே போதும்.

பெயர் கேட்ட அன்று

அலங்காநல்லூரிலிருந்து திரும்பிய மறுநாள், நம் வாசலுக்கு வண்டி தள்ளி வருபவரிடம் பெயரைக் கேட்டோம். அவர் முகம் மாறிவிட்டது. “என்ன ஐயா, நான் எதும் தப்புப் பண்ணிட்டேனா? புகார் எழுதிப் போடவா?” என்று கேட்டார். பெயர் கேட்கப்படுவது தண்டனைக்குத்தான் என்று அவர் எண்ணும் நிலையில் இத்தனை ஆண்டுகள் வைத்திருந்திருக்கின்றோம். அன்று நமக்கு உண்டான வெட்கத்தை இங்கே மறைக்காமல் எழுதுகின்றோம். புகார் ஒன்றுமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டோம் என்று சொல்லித் தண்ணீர் கொடுத்த பிறகே அவர் பெயரைச் சொன்னார். இப்போது நம் பேரப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் தெரியும். ஒரு நாள் அவர் வராவிட்டால், “இன்றைக்கு ஏன் அவரைக் காணோம்?” என்று கேட்கின்றார்கள்.

பெற்றோர்களே! அந்தக் கேள்வியை உங்கள் பிள்ளையும் கேட்க வேண்டும். அது நம் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாப் பள்ளியில் கேட்ட கேள்வி. நாளைக் காலையில் விசில் சத்தம் கேட்டதும், பிள்ளையை மட்டும் வாளியோடு அனுப்பாமல் நீங்களும் எழுந்து வாசலுக்குச் செல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளிலிருந்து இழிசொற்களை அகற்றுவாயாக! எங்களுக்காக உழைப்போரின் உரிமைகளைக் குறைவின்றி நிறைவேற்றும் மனத்தையும் வசதியையும் எங்களுக்குத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளை, மனிதரை மனிதராகக் காணும் பிள்ளைகளாக வளர்க்க எங்களுக்கு அருள் புரிவாயாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!